அழகுப் புல்லுக்கு ஓர் எல்லை

எங்கள் பள்ளியின் நுழைவாயிலில், கொடிக்கம்பத்துக்கு வலப்புறம், ஒரு சிமெண்ட் உறை மண்ணில் புதைந்திருக்கிறது. அதற்குள் பச்சையும் வெள்ளையுமாக நீளக் கோடு போட்ட இலைகளோடு ஒரு நாணல் புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பள்ளிக்கு வருகிறவர்கள் பலரும் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு கன்று கிடைக்குமா?" என்று கேட்பார்கள். எங்கள் தேசிய பசுமைப் படை மாணவர்கள், "தர மாட்டோம். ஏன் என்று சொல்கிறோம், வாங்க" என்று அவர்களை உறைக்குப் பக்கத்தில் அழைத்துப் போவார்கள்.

அந்த "ஏன்" எங்களுக்குத் தெரிய இரண்டரை ஆண்டுகள் ஆயின. மாணவர்களுக்கு முன்பாக அறிவியல் ஆசிரியையான நான்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பள்ளித் தோட்டம் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நட்டதும் கொடுத்ததும்

நாங்கள் இருப்பது காவிரிப் பாசனப் பகுதி. எங்களுடையது அரசு உயர்நிலைப் பள்ளி. நுழைவாயில் வெறும் மண்ணாகக் கிடந்தது. ஆட்டுக்குத் தப்பி, கோடை விடுமுறையில் தண்ணீர் இல்லாமலும் தாக்குப் பிடிக்கும் செடி ஒன்று வேண்டும் என்று நாற்றுப் பண்ணையில் கேட்டேன். இந்தப் புல்லைக் காட்டினார்கள். மூன்று தூர் வாங்கி, ஜூலை மாதத்தில் நட்டோம். அது அருண்டோ டோனாக்ஸ் என்னும் நாணல் இனத்தின் வரியுள்ள வகை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அது எங்கள் எதிர்பார்ப்பைத் தாண்டி வளர்ந்துவிட்டது. உரம் இல்லை, மருந்து இல்லை. கிளைக்கக் கிளைக்க மாணவர்களுக்கு மகிழ்ச்சி. எதை நட்டாலும் பிழைக்காத இடத்தில் ஒன்று இவ்வளவு செழிப்பாக வந்ததில் எனக்கும் பெருமைதான். அடுத்த ஆண்டு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று தூரைப் பிரித்து, பசுமைப் படை மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு கன்று கொடுத்தேன். "வீட்டில் நட்டு வளருங்கள்" என்று சொன்னேன். எங்கே நட வேண்டும், எங்கே நடக்கூடாது என்று சொல்லவில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளவும் இல்லை.

வாய்க்கால் கரையில்

அதற்கடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு நாள், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "டீச்சர், எங்க அப்பாயி உங்களை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றான். பள்ளி முடிந்ததும் அவனுடன் போனேன். அவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் சிறு வாய்க்காலின் கரையில், நான் கொடுத்த கன்று பெரிய புதராக நின்றது. அதன் கால் பாதி வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. தண்ணீரில் மிதந்து வரும் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் தண்டுகளில் சிக்கி, சேறு படிந்து, வாய்க்கால் அங்கே மேடாகிவிட்டது.

"நீங்க குடுத்த புல்லு நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. எங்களுக்கு வர்ற தண்ணியத்தான் காணோம்" என்றார் அப்பாயி. கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய மகன் இரண்டு முறை வெட்டிப் பார்த்திருக்கிறார். வெட்டிய தட்டைகளை வாய்க்காலிலேயே தள்ளிவிட்டிருக்கிறார். கொஞ்ச தூரம் தள்ளி, அடுத்தவர் வயல் மடைக்குப் பக்கத்தில், புதிதாக நான்கு முளைகள் நின்றன. அடுத்த வயல்காரர் ஏற்கெனவே ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

அவனோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஆசிரியை கொடுத்ததை அக்கறையாக வளர்த்தவன் அவன். தவறு என்னுடையது என்பதை அவன் எதிரிலேயே அப்பாயியிடம் சொன்னேன். "தண்ணீர் நின்றதும் நாங்களே வந்து எடுத்துக் கொடுக்கிறோம் அம்மா. அதுவரை யாரும் வெட்டி வாய்க்காலில் போட வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன்.

மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது?

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எல்லோரையும் நுழைவாயிலுக்கு அழைத்துப் போனேன். புதரின் ஓரத்தில் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்தோம். இஞ்சியைப் போல, ஆனால் அதைவிடப் பருமனாக, கணுக்கள் நெருங்கிய ஒன்று படுத்துக் கிடந்தது. "வேர்" என்றார்கள் மாணவர்கள்.

"வேரில் கணு இருக்குமா?" என்று கேட்டேன். கணு இருந்தது. கணுவைச் சுற்றிச் செதில் இலை இருந்தது. செதில் இலைக்கு உள்ளே மொட்டு இருந்தது. அப்படியானால் அது வேர் இல்லை, தண்டு. இஞ்சியிலும் மஞ்சளிலும் நாம் பாடமாக நடத்தும் மட்டநிலத் தண்டு அதுவே. அதன் ஒவ்வொரு மொட்டும் தனிப் புல்லாக எழும்பக்கூடியது. உணவைச் சேமித்து வைத்திருப்பதால், மேலே எத்தனை முறை வெட்டினாலும் கீழிருந்து மறுபடி துளிர்க்கும். அப்பாயியின் மகன் இரண்டு முறை வெட்டியும் புல் போகாததன் காரணம் மாணவர்களுக்கு அந்தக் குழியிலேயே புரிந்தது.

இன்னொரு செய்தியையும் அவர்களுக்குச் சொன்னேன். இந்த நாணல் பெரிய பூங்கதிர் விட்டாலும், அது பரவியிருக்கும் பெரும்பாலான இடங்களில் முளைக்கும் விதை தருவதில்லை. பரவுவதெல்லாம் மட்டநிலத் தண்டாலும் கணுவுள்ள தண்டுத் துண்டுகளாலும்தான். அதாவது, இதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவது வெள்ளமாக இருக்கும். இல்லையென்றால் மனிதனாக இருக்கும். எங்கள் ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

துண்டு போட்டுப் பார்த்த சோதனை

"கணு இல்லாத துண்டு முளைக்குமா? காய்ந்த துண்டு முளைக்குமா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். சோதனை செய்தோம். மட்டநிலத் தண்டில் மொட்டுள்ள துண்டுகள், மொட்டைச் செதுக்கி எடுத்துவிட்ட துண்டுகள், இரண்டு வாரம் சிமெண்ட் தளத்தில் வெயிலில் காய்ந்த துண்டுகள், கணுவுள்ள பச்சைத் தண்டுகள் என்று நான்கு வகையாகப் பிரித்தோம். ஒவ்வொரு வகையிலும் ஐந்து துண்டுகளைத் தனித்தனித் தொட்டியில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். தொட்டிகளைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்தோம்.

மொட்டுள்ள துண்டுகள் முதலில் முளைத்தன. பச்சைத் தண்டுகளிலும் சில, கணுவில் வேர் விட்டுத் துளிர்த்தன. மொட்டு நீக்கியவையும் நன்றாகக் காய்ந்தவையும் முளைக்கவில்லை. அப்போது ஒரு மாணவி, "டீச்சர், அப்படின்னா வெட்டினதை வாய்க்கால்ல போட்டது நட்டதுக்குச் சமம்" என்றாள். நான் சொல்ல நினைத்திருந்த முடிவுரையை அவளே சொல்லிவிட்டாள்.

கணக்குப் பாடமும் இதில் உண்டு

கணித ஆசிரியர் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். புதரின் ஓரத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, நூல் கட்டி, மாதம் ஒரு முறை அளக்கச் சொன்னார். பிறகு வகுப்பில் ஒரு கேள்வி போட்டார். ஒரு புதர் வட்டமாக வளர்கிறது, அதன் ஓரம் ஆண்டுக்கு 30 செ.மீ. மட்டும் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு எப்படி வளரும்?

ஆரம் 30 செ.மீ. இருக்கும்போது பரப்பு ஏறத்தாழ 0.28 சதுர மீட்டர். 60 செ.மீ. ஆனால் 1.13. 90 செ.மீ. ஆனால் 2.54. 120 செ.மீ. ஆனால் 4.52 சதுர மீட்டர். ஓரம் ஆண்டுதோறும் ஒரே அளவுதான் நகர்கிறது. பரப்போ 1, 4, 9, 16 என்ற விகிதத்தில் பெருகுகிறது. "முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லையே, திடீரென்று எப்படி இவ்வளவு ஆனது?" என்று எல்லோரும் கேட்பதற்கு இதுவே விடை. முதல் ஆண்டில் ஒரு மண்வெட்டியும் அரை மணி நேரமும் போதும். நான்காம் ஆண்டில் பதினாறு மடங்கு வேலை. வட்டத்தின் பரப்பு காணும் சூத்திரத்தை இனி மறக்க மாட்டார்கள் என்று கணித ஆசிரியர் சொன்னார். அது உண்மைதான்.

எடுத்த விதம்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படும். அந்த ஆண்டு வாய்க்கால் வற்றும் வரை காத்திருந்து, பிப்ரவரியில் இரண்டு சனிக்கிழமைகள் வேலை செய்தோம். தண்ணீர் ஓடும்போது தோண்டினால் உடையும் துண்டெல்லாம் கீழே போய்விடும். கடப்பாரை, மண்வெட்டி வேலையைப் பெற்றோர்கள் செய்தார்கள். மாணவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, புரட்டிய மண்ணிலிருந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். இந்தப் புல்லின் இலை ஓரம் கையைக் கீறும்.

முதலில் தட்டையைத் தரையோடு அறுத்துக் கட்டினோம். அடுத்து, புதரின் விளிம்புக்கு ஒரு முழம் வெளியிலிருந்து உள்நோக்கித் தோண்டினோம். விரல் நீளத் துண்டைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பள்ளிக்குக் கொண்டுவந்து, சிமெண்ட் தளத்தில் பரப்பிக் காய வைத்தோம். உரக்குழியில் போடவில்லை, ஈரமான உரக்குழி இதற்கு நாற்றங்கால் ஆகிவிடும். காய்ந்த தட்டைகள் சத்துணவுத் தோட்டத்தில் அவரைக்கும் புடலைக்கும் ஊன்றுகுச்சி ஆயின.

களைக்கொல்லி அடித்தால் எளிதாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். வாய்க்கால் கரையிலும் குழந்தைகள் நடமாடும் இடத்திலும் அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக அந்த மாணவனும் அவன் நண்பர்கள் இருவரும் வாரம் ஒரு முறை போய்ப் பார்த்தார்கள். புதிய முளை தெரிந்தால் தோண்டி எடுத்தார்கள். ஜூனில் தண்ணீர் வருவதற்குள் ஒன்பது முறை முளை எடுத்ததாக அவன் நோட்டில் இருக்கிறது. ஒரு நாள் வேலையாக நினைத்தால் இது முடியாது. விடாமல் பார்த்தால் முடியும்.

மற்ற கன்றுகள் எங்கே போயின என்று தேடியதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. பதிவேடு இல்லாததால் மாணவர்களின் நினைவை நம்பியே தேடினோம். சில கன்றுகள் பட்டுப்போயிருந்தன. சில வீட்டுத் தொட்டியில் இருந்தன. அவற்றை அங்கேயே விட்டோம். குளத்தங்கரையில் இருந்த ஒன்றைத் தோண்டி எடுத்தோம்.

உறைக்குள் வளர்ப்பது

நுழைவாயில் புதரையும் எடுத்துவிடலாமா என்று மாணவர்களிடம் கேட்டேன். விவாதம் நடந்தது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லை கட்டி வைக்க வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குப் போடும் சிமெண்ட் உறைகளில் ஓர் அடி உயரமுள்ள இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, இடைவெளியைச் சிமெண்டால் பூசினோம். விளிம்பு மண்ணுக்கு மேல் நான்கு விரல் அளவு தெரிய வேண்டும். இல்லையென்றால் மட்டநிலத் தண்டு விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கிவிடும்.

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது:

1. தை, மாசியில் ஒரு முறை எல்லாத் தட்டைகளையும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுக்கிறோம். புதிய தளிரில்தான் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கும். முதிர்ந்த இலையில் மங்கிவிடும்.

2. கோடே இல்லாத முழுப்பச்சைத் தண்டு வந்தால் அடியோடு எடுக்கிறோம். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. முழுப்பச்சைத் தண்டு அதிக உணவு தயாரித்து, வேகமாக வளர்ந்து, வரியுள்ளதை அமுக்கிவிடும். ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

3. மாதம் ஒரு முறை உறையைச் சுற்றி நடந்து, வெளியே முளை இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

4. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தூரில் பாதியைத் தோண்டி எடுத்துக் காய வைக்கிறோம். யாருக்கும் கன்று கொடுப்பதில்லை.

ஊருக்கு வெளியேயும் இதே கதை

இந்த நாணல் கெட்ட செடி என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கிளாரினெட், ஓபோ, சாக்சபோன் ஆகிய இசைக்கருவிகளில் ஊதும் நாக்கு இந்தத் தட்டையிலிருந்துதான் செய்யப்படுகிறது. வரியில்லாத பச்சை வகை நம் நாட்டிலும் ஆற்றோரங்களில் காணப்படுகிறது. ஆனால் கலிஃபோர்னியாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூரை வேயவும் கரை காக்கவும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று அங்கே ஆற்றுப்படுகைகளை அடைத்து, கோடையில் தீப்பிடித்து, பெருஞ்செலவு வைக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

அதே பட்டியலில் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் இருக்கின்றன. இரண்டும் அழகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை. ஒன்று நம் மலைக்காடுகளை மூடியது. மற்றது நம் ஏரி, குளங்களை மூடியது. தமிழ்நாடு அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட வேண்டிய நிலை வந்தது. இவற்றை முதலில் நட்டவர்களும் என்னைப் போலவே நல்ல எண்ணத்தில்தான் நட்டிருப்பார்கள்.

உங்கள் வகுப்பில்

இந்தப் பாடத்தை நடத்த நாணல் நட வேண்டாம். எல்லாப் பள்ளி வளாகத்திலும் அருகம்புல் இருக்கிறது; கோரை இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் இஞ்சியும் புதினாவும் கிடைக்கும்.

தொடக்க வகுப்புகளில், அருகம்புல்லை ஒரு கணுவோடும் கணு இல்லாமலும் வெட்டி, இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் வைத்து, எது முளைக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். நடுநிலை வகுப்புகளில், புல்திட்டு ஒன்றைச் சுற்றி நூல் கட்டி, மாதந்தோறும் அளந்து வரைபடம் வரையலாம். உயர்நிலை வகுப்புகளில், "உங்கள் தெருவில் அழகுக்காக நட்ட செடிகளில் எவை தாமாகப் பரவியிருக்கின்றன?" என்று கணக்கெடுக்கச் சொல்லி, எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுக்க வேண்டும் என்று விவாதிக்கலாம். எந்தச் செடியைக் கொடுப்பதற்கு முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: இது எதனால் பரவுகிறது? இதற்கு எல்லை எது? நான் இல்லாதபோது யார் பார்ப்பார்கள்?

மூன்றாவது கேள்வி நம் பணிக்கு மிகவும் பொருந்தும். நமக்கு மாறுதல் வரும். நாம் நட்டதற்கு வராது. மாணவர்களும் பத்தாம் வகுப்போடு போய்விடுவார்கள். ஆகவே பசுமைப் படைப் பதிவேட்டில் இந்தப் புல்லுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். எப்போது நட்டது, உறை எவ்வளவு ஆழம், எப்போது அறுக்க வேண்டும், முளை வெளியே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை ஏற்கிறார்கள். அடுத்து வரும் ஆசிரியருக்கும் ஒரு கையெழுத்துக் கட்டம் விட்டு வைத்திருக்கிறேன்.

போன ஆண்டு அந்தப் பக்கத்தில் முதல் கையெழுத்து, வாய்க்கால் கரையில் தலை குனிந்து நின்ற மாணவனுடையது. இந்த ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகும் முன், அடுத்து வந்தவர்களை உறையைச் சுற்றி அழைத்துப் போய், விளிம்பில் விரலை வைத்து, "இதைத் தாண்டுதான்னு மட்டும் பார்த்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அப்பாயி வீட்டு வயலுக்கு இப்போது தண்ணீர் தடையில்லாமல் பாய்கிறது.